பின் டிஃபரன்ஷியல் சத்தம் போடுகிறதா? வாரண்டியில் இருக்கும் லாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டி வாங்கி இன்னும் வாரண்டி முடியவில்லை. வேகம் ஐம்பதைத் தாண்டினால் பின்னால், இன்ஜின் சக்தியை இரு பக்கப் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கத்திலிருந்து, ஓர் ஊளைச் சத்தம் வருகிறது. ஒரு மெக்கானிக் "கிரவுன் பேசுது" என்கிறார்; டிஃபரன்ஷியலில் உள்ள பெரிய பல் சக்கரத்தைச் சொல்கிறார். இன்னொருவர் "டயர் சத்தம்தான், பயப்படாம ஓட்டுங்க" என்கிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "இந்த மாடலுக்கு இது சாதாரணம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் வண்டியில் இதே சத்தம் வந்தபோது, தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு ஆயிலை இறக்கி, ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி, உள்ளே திறந்து பார்க்கச் சொன்னேன். கிரவுனைச் சுழற்றும் பினியன் பல் சக்கரத்தின் பேரிங் போயிருந்தது. கண்டுபிடித்தது சரிதான். ஆனால் வாரண்டிக்குப் போனபோது, வெளியில் திறந்த வண்டி என்று ஒரே வரியில் எழுதி மறுத்துவிட்டார்கள். பழைய ஆயில் சாக்கடைக்குப் போயிருந்தது. திறக்கும் முன் எடுத்த ஒரு படம்கூட என்னிடம் இல்லை. முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதிகள்: ஹவுசிங்கை, அதாவது டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் வெளி உறையை, திறக்காமலே முடிந்தவரை கண்டுபிடிக்க வேண்டும், அதைத் திறக்கும் நாளில் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டையும் ஒட்டித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

கியர் பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுழற்றுகிறது. பினியன் கிரவுனைச் சுழற்றுகிறது. கிரவுன் போல்ட் போட்டிருக்கும் கூட்டுக்குள் ஒரு சிலுவைக் கம்பியில் சின்ன பினியன்கள் நான்கு, அவற்றோடு பல் கோத்த சைடு கியர்கள் இரண்டு. சைடு கியரிலிருந்து ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்புக்குப் போகிறது. நேர்ச் சாலையில் கூடு முழுவதும் ஒரே கட்டியாகச் சுற்றும். சின்ன பினியன்கள் தம் கம்பியில் சுழலாமல் சும்மா இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போகவேண்டி வரும்போதுதான் அவை சுழலும். இதை மனதில் வைத்துக்கொண்டால், திரும்பும்போது மட்டும் வரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தானாகவே புரிந்துவிடும்.

பேரிங்குகள் மூன்று இடத்தில்: பினியனைப் பிடிக்கும் இரண்டு டேப்பர் பேரிங், கூட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, அப்புறம் ஹப்பில். புது வண்டியில் குறைந்த கிலோமீட்டரில் வரும் ஊளைச் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பினியன் பேரிங்கை. மூன்றிலும் அதிக வேகத்தில் சுற்றுவது அதுதான்.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் விகிதம் சுமார் 5.86. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பினியன் கிட்டத்தட்ட 6 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 3.2 மீட்டர் என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 5 சுற்றுக்குச் சற்று மேல். பினியன் நொடிக்கு 30 சுற்று. இந்தக் கணக்கு பின்னால் ஒரு சோதனைக்கு உதவும். உங்கள் வண்டியில் பல் எண்ணிக்கை வேறாக இருந்தாலோ, ஹப்பிலேயே இன்னொரு கியர் குறைப்பு இருந்தாலோ இந்த எண்கள் மாறும்.

முதல் வேலை: தொடர்ந்து ஓட்டலாமா என்று முடிவு செய்வது

லேசான ஊளை மட்டும் இருந்து, ஆயில் அளவு சரியாக இருந்து, ஹவுசிங் வழக்கத்தை விடச் சூடாகாமல் இருந்தால், சர்வீஸ் சென்டர் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். லோடு ஏற்ற வேண்டாம். "டொக் டொக்" என்று இரும்பு மோதும் சத்தம், திடீரென்று பின்சக்கரம் பிடிப்பது போன்ற உணர்வு, ஆயில் கருகும் நாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள். உடைந்த பல் ஒன்று கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் சிக்கினால் பின்சக்கரங்கள் ஓடும்போதே பூட்டிக்கொள்ளலாம். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதில் வாரண்டி விஷயமும் இருக்கிறது. பழுது தெரிந்த பிறகும் ஓட்டியதால் சேதம் பெரிதானது என்பது மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் காரணம். சத்தம் கேட்ட தேதியும் வண்டியை நிறுத்திய தேதியும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

கட்டி இழுத்துப் போக வேண்டி வந்தால், பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி அப்படியே இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் டிஃபரன்ஷியல் சுற்றும், கியர் பாக்ஸும் சுற்றும். இன்ஜின் ஓடாததால் பல கியர் பாக்ஸ்களில் ஆயில் மேலே ஏறாது. இப்போது பழுது இரண்டாகிவிடும். டிஃபரன்ஷியல் உள்ளே உடைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றுவது போதாது, ஆக்சில் ஷாஃப்ட்டுகளை உருவ வேண்டும். அந்த வேலையைக் கம்பெனியின் சாலை உதவி ஆட்களே செய்யட்டும். அவர்கள் செய்தால் வெளியில் கழற்றிய வண்டி என்று பின்னால் யாரும் பேச முடியாது. உருவிய ஹப்பின் வாயை மூடச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் ஆயில் வெளியேறும், தூசி உள்ளே போகும்.

சாலையில் காது கொடுத்துக் கேட்பது

இதற்கு அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலை, ரேடியோ அணைத்து, கண்ணாடி பாதி இறக்கி, பக்கத்தில் ஒருவர் ஃபோனில் பதிவு செய்யட்டும். படத்தில் ஸ்பீடோமீட்டர் தெரிய வேண்டும். ஓட்டுபவர் வாயாலேயே சொல்லட்டும்: "இப்போ நாற்பது, ஆக்சிலேட்டர் அழுத்துறேன், இப்போ விடுறேன்." பின்னால் சர்வீஸ் ஆட்கள் "எங்களுக்குக் கேட்கவில்லையே" என்று சொல்லும்போது இந்தப் பதிவுதான் பேசும்.

மூன்று நிலையில் கேட்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்கும்போது, ஒரே வேகத்தில் பிடித்துப் போகும்போது, காலை எடுத்து விடும்போது. கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. இழுக்கும்போது ஒரு முகமும், விடும்போது மறுமுகமும் அழுத்தம் வாங்கும். அதனால் இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் நின்றாலோ குரல் மாறினாலோ, அது பல் பதியும் விதத்தில் உள்ள குறை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், உதாரணத்துக்கு 52 முதல் 60 வரை மட்டும், பாட்டு மாதிரி வந்து மறைவதும் பல்லின் குணம்தான்.

காலை அழுத்தினாலும் எடுத்தாலும் மாறாமல், வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கரகரப்பு என்றால் பேரிங். பினியன் பேரிங்கின் சத்தம் கூர்மையாக இருக்கும். கூட்டின் பக்க பேரிங்குகள் மெதுவாகச் சுற்றுவதால் அவற்றின் உறுமல் தாழ்வாக இருக்கும். வண்டியை லேசாக இடம் வலம் அசைக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் ஹப் பேரிங்கைப் பாருங்கள். பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதால் வரும் மாற்றம் அது.

நேரே போகும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் கடகட என்றால் சின்ன பினியன்கள் அல்லது அவற்றின் சிலுவைக் கம்பி. கிளப்பும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் ஒரு "டொக்" மட்டும் வந்தால் அவசரப்பட்டு டிஃபரன்ஷியலைக் குறை சொல்ல வேண்டாம். அடுத்த பகுதியில் அதற்கு வருகிறேன்.

இப்போது முன்பு சொன்ன கணக்கு. "டக் டக்" என்று விட்டுவிட்டு வரும் சத்தம் இருந்தால், வண்டி நிற்கும்போதே சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, நடக்கும் வேகத்தில் வண்டியை உருட்டச் சொல்லி, வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று எண்ணுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டரில் சக்கரம் ஒரு சுற்று வர சுமார் 2.3 நொடி ஆகும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தட்டு என்றால் கிரவுன் பல், அல்லது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஒரு சுற்றுக்கு ஆறு தட்டுக்கு அருகில் வந்தால் பினியன், அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஒரு பைசா செலவில்லாமல் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

சோதனைக்காக நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சமமான காலிச் சாலையில், இன்ஜினை அணைக்காமல், சில நொடி மட்டும் என்றால் சரி. இறக்கத்தில் கூடவே கூடாது. நியூட்ரலிலும் சத்தம் அப்படியே இருந்தால் இன்ஜினும் கிளட்சும் கணக்கிலிருந்து விலகிவிடும்.

திருடனை மாற்றிப் பிடிக்காமல் இருக்க

டயர்: சாலையின் மேல்தளம் மாறும்போது சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறியதும் குரல் மாறினால் டயர். டிஃபரன்ஷியலுக்குச் சாலை எது என்று தெரியாது. டயர் பட்டன்கள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தால் வரும் சத்தம் பேரிங் சத்தம் போலவே ஏமாற்றும். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு மறுபடி கேட்டால் தெளிவாகிவிடும்.

கிளப்பும்போது வரும் "டொக்" சத்தத்துக்கு முதல் சந்தேகம், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸ். அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வரிப்பற்கள்) தேய்மானம், ஆக்சிலைப் பட்டையோடு பிடிக்கும் யு-போல்ட் தளர்வு, ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் டார்க் ராடின் புஷ். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் கிராஸிலா, அல்லது கிராஸ் அசையாமல் பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டைப் பினியனோடு இணைக்கும் தட்டு) மட்டும் சுற்றுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். கிரவுன் பினியன் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதனால் ஃபிளாஞ்ச் சற்றுச் சுற்றுவது குறையல்ல. ஆனால் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டினாலோ, முன்னும் பின்னும் இழுத்தாலோ கையில் அசைவு தெரிந்தால் அது குறைதான். பினியன் பேரிங்கின் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தால் கிளப்பும்போது பின்பக்கம் முழுக்க அதிரும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான லாரிகளில் பார்க்கிங் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கும். சக்கரம் சுற்ற அதை விடுவிக்க வேண்டும், விடுவித்தால் வண்டி உருளும். அதனால் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டு, ஹவுசிங்குக்கு அடியில் சரியான ஸ்டாண்ட், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது கியர் போட்டு ஓட்டவே வேண்டாம். டிஃபரன்ஷியல் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) பிடித்திருந்தால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

ஆயில் சொல்லும் கதை

ஹவுசிங்கைத் திறக்காமல் உள்ளே எட்டிப் பார்க்க இருக்கும் ஒரே ஜன்னல் ஆயில். அளவு பார்க்கும் பிளக்கைத் திறப்பது வழக்கமான பராமரிப்பு, அதில் தவறில்லை. ஆயிலை இறக்குவதுதான் கூடாது. அதைச் சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் கீழே இறங்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பிளக்கைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். விரலை உள்ளே விட்டு வளைத்தால் ஆயில் தட்டுப்படுகிறது என்பது போதாது.

விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். புது கியர் ஆயிலுக்கே ஒரு கந்தக நாற்றம் உண்டு. அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. பெரும்பாலான டிஃபரன்ஷியலில் பினியன் கிரவுனின் நடுவுக்குக் கீழே அமர்ந்திருக்கும், பல்லோடு பல் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலைத் தாங்கத்தான் ஜிஎல்-5 தர ஆயிலில் சேர்மானங்கள் போடுகிறார்கள், நாற்றம் அதிலிருந்து வருகிறது. கருகிய வாடை, தார் போன்ற கறுப்பு என்றால் சூடேறியிருக்கிறது. பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று தூள் மின்னினால் உலோகம் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் ஆயிலை இறக்கும்போது பிளக்கின் காந்தத்தையும் பாருங்கள். அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது எல்லா வண்டியிலும் உண்டு, புது வண்டியில் சற்று அதிகமாகவே இருக்கும். நகத்தில் தட்டுப்படும் சீவல், ஊசி, சில்லு எதுவும் சாதாரணமில்லை.

பிரீதரை மறக்க வேண்டாம். ஹவுசிங்கின் மேல் இருக்கும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்தால், சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயில் கசிந்து, அளவு குறைந்து, பேரிங் போய்விடும். கடைசியில் "ஆயில் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்" என்று பழி உங்கள் மேல். பினியன் சீல், ஹப் சீல் பக்கம் ஈரம் இருந்தால் அன்றே படம் எடுத்து, தேதியோடு புகார் பதிவு செய்யுங்கள். சீல் கசிவைச் சீக்கிரம் எழுத்தில் பதிந்தவர்களுக்குப் பின்னால் வரும் பெரிய பழுதில் வாதம் எளிதாகிறது.

அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தால், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் பினியன் மூக்கு (ஷாஃப்ட் ஹவுசிங்கோடு சேரும் இடம்), ஹவுசிங்கின் நடு, இரண்டு ஹப் ஆகிய இடங்களில் அளந்து எழுதுங்கள். ஒரே ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வதை விட ஒப்பிடுவது நல்லது. ஒரு ஹப் மட்டும் மற்றதை விட வெகுவாகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. இரட்டை ஆக்சில் வண்டியில் இரண்டு ஹவுசிங்கையும் ஒப்பிடலாம்.

காகிதங்களை எடுத்து வையுங்கள்

வாரண்டிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வண்டிக்கு ஒரு காலமும், இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் சேர்ந்த டிரைவ்லைனுக்கு வேறு காலமும் இருப்பது பல கம்பெனிகளில் உண்டு. வண்டி வாரண்டி முடிந்துவிட்டது என்று கைவிட்டவர்கள், டிரைவ்லைன் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைத் தாமதமாகக் கண்டிருக்கிறார்கள். மாதம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு.

எதையெல்லாம் விலக்கியிருக்கிறார்கள் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதிக பாரம், அளவு மாறிய டயர், சொல்லாத தர ஆயில், தவறிய சர்வீஸ், வெளியில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பையும் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: எல்லா சர்வீஸ் பில்களும், ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் தரமும், எடை மேடைச் சீட்டுகள், ஹவுசிங்கில் அடித்திருக்கும் தகட்டின் படம். அந்தத் தகட்டில் ஆக்சிலின் பாகம் எண்ணும் விகிதமும் இருக்கும். சில லாரிகளில் ஆக்சிலைத் தயாரித்தது வேறு கம்பெனியாக இருக்கும். பின்னால் மேலே எழுத வேண்டி வந்தால் இந்த எண் இல்லாமல் நகராது. டயர் விஷயத்தில் இன்னொன்று. இரட்டைச் சக்கரத்தில் ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் வழுக்கை என்று இருந்தால் நேர்ச் சாலையிலும் சின்ன பினியன்கள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஆய்வுக்கு வருபவர் டயரை அளப்பார். நீங்கள் முன்பே அளந்து எழுதி வையுங்கள்.

ஜாப் கார்டில் எழுதும் வரி

ஜாப் கார்டு என்பது சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரைப் பதியும் சீட்டு. வாரண்டியின் தலையெழுத்து இங்கேதான். "பின்னால் சத்தம், செக் பண்ணவும்" என்று எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "55 முதல் 65 வேகத்தில், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆக்சிலேட்டர் நிலை எதுவானாலும் பின் ஆக்சிலில் தொடர்ந்து ஊளைச் சத்தம். முதலில் கேட்டது இந்தத் தேதி, இத்தனை கிலோமீட்டர். பினியன் ஃபிளாஞ்சில் அசைவு." காரணத்தை நீங்கள் எழுத வேண்டாம். "பேரிங் மாற்றவும்" என்று எழுதினால், பேரிங்கை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட வழி கிடைக்கும். அறிகுறியை எழுதுங்கள், காரணத்தை அவர்கள் எழுதட்டும்.

கார்டின் நகல் கையில் வராமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். வாரண்டி முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்றாலும், புகார் பதிவான தேதியை எழுத்தில் வாங்கிவிட்டால் உங்கள் நிலை உறுதியாக இருக்கும். உதிரி பாகம் வர ஒரு மாதம் ஆகட்டும், பரவாயில்லை.

"சத்தம் கேட்கவில்லை" என்றால், டெக்னீஷியனோடு நீங்களே ஏறி, அதே வேகத்தில், அதே லோடில் ஓட்டிக் காட்டுங்கள். "சாதாரணம்" என்றால், அதே மாடல், அதே விகிதம் உள்ள இன்னொரு வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில், வேறு எந்த வாதத்தையும் விட இந்தக் கோரிக்கைக்குப் பதில் வேகமாக வந்திருக்கிறது.

திறக்கும் நாள்

திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு, நேரில் போங்கள். ஆயிலை இறக்கும்போது சுத்தமான பாத்திரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் பாதி லிட்டரைப் புது பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். இறங்கிய ஆயில் எத்தனை லிட்டர் என்பதையும் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அளவு முழுதாக இருந்தது என்று அவர்கள் கையாலேயே எழுதிவிட்டால், ஆயில் பஞ்சம் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பாகங்கள் வெளியே வந்ததும், துடைக்கும் முன் படம். துடைத்த பிறகும் படம். வாரண்டியில் மாற்றிய பாகம் பெரும்பாலும் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும், உங்களிடம் மிஞ்சுவது படம் மட்டும்தான்.

உடைந்த பாகத்தைப் படிக்கத் தெரிந்தால் எதிர்த்தரப்பு என்ன சொல்லப் போகிறது என்பதும் முன்பே தெரியும். உடைந்த முகம் முழுதும் உடைத்த கல்லைப் போல ஒரே சீராகச் சொரசொரப்பாக இருந்தால், ஒரே அடியில் உடைந்தது. கிளட்சைத் திடீரென்று விட்டது, சிக்கிய வண்டியை ஆட்டி எடுத்தது என்று ஓட்டுநர் மேல் போடுவார்கள். கரையில் அலை விட்டுப்போன வரிகளைப் போலக் கோடுகள் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு உடைந்தது. அதற்கு அதிக பாரமும் காரணமாகலாம், தயாரிப்பிலும் பொருத்துதலிலும் உள்ள குறையும் காரணமாகலாம். உங்கள் எடைச் சீட்டுகள் இங்கேதான் பேசும். நீலமும் கறுப்புமாக வெந்த நிறம் என்றால் ஆயில் குறைவு. சின்ன பினியன் சிலுவைக் கம்பியோடு உருகி ஒட்டியிருந்தால், ஒரு சக்கரம் சேற்றிலோ ஈரத்திலோ நின்ற இடத்தில் வேகமாகச் சுழன்றிருக்கிறது. இதைப் பெரும்பாலும் வாரண்டியில் ஏற்க மாட்டார்கள்.

உங்களுக்குச் சாதகமான சாட்சி பல்லின் மேல் பதிந்த தேய்மானத் தடம். அது பல்லின் நடுவில் இல்லாமல் ஓரத்திலேயே விழுந்திருந்தால், வண்டியும் புதுசாக இருந்தால், கிரவுனும் பினியனும் முதலிலேயே சரியாகப் பொருத்தப்படவில்லை என்று கேட்க நியாயம் இருக்கிறது. ஆயில் நன்றாக இருந்து, குறைந்த கிலோமீட்டரில் ஒரு பேரிங் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தாலும் அப்படித்தான். இந்தப் படங்களை மிக அருகிலிருந்து, பல கோணத்தில் எடுங்கள்.

மறுத்துவிட்டால்

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த விதியின் கீழ், எந்தச் சான்றை வைத்து என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை பாகங்களைப் பத்திரமாக வைக்கும்படியும் எழுதிக் கொடுங்கள். சர்வீஸ் மேலாளர், வட்டார அலுவலகம், தயாரிப்பாளரின் தலைமை அலுவலகம் என்று படிப்படியாகப் போகலாம். ஒவ்வொரு படியிலும் அதே பதிவு, அதே படங்கள், அதே தேதி வரிசை. பழுதை ஆராயும் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரின் அறிக்கை கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் உதவும். கோபமாகப் பேசி நான் எதையும் வாங்கியதில்லை. தேதி போட்ட இரண்டு பக்கக் கடிதத்தால் வாங்கியிருக்கிறேன்.

சரியான பழுதுபார்ப்பு எப்படி இருக்கும்

ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றதும் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அரைகுறை வேலையால் ஆறு மாதத்தில் அதே சத்தம் திரும்பி வருவது சாதாரணம்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகச் செய்தவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. உலோகத் தூள் ஆயிலில் ஓடியிருந்தால் அது எல்லா பேரிங்கிலும் போயிருக்கும். போன ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை வரிசையாகப் போகும். அந்த நிலையில் நான் முழு அசெம்பிளியையே மாற்றித் தரும்படி வற்புறுத்துவேன். எதுவானாலும் ஹவுசிங்கின் உட்புறத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புதியது உட்கார வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள். சீல், பினியன் நட் புதிதாக இருக்கட்டும், பிரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பழைய அசெம்பிளியிலேயே வேலை நடந்தால் மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள். முதலாவது பினியன் பேரிங்கின் இறுக்கம்: பினியனைச் சுற்ற எவ்வளவு டார்க் (திருகும் விசை) ஆகிறது என்று அளப்பது. இரண்டாவது பேக்லாஷ்: டயல் கேஜை கிரவுன் பல்லில் வைத்து அளக்கும் இடைவெளி. பல பெரிய ஆக்சில்களில் இது 0.2 முதல் 0.45 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் ஆக்சிலின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. கிரவுனைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது, மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

மூன்றாவது பல்லின் தடம். பல்லில் குறியிடும் சாயம் பூசிக் கையால் சுற்றினால் எங்கே படுகிறது என்று தெரியும். கையால் சுற்றும்போது தடம் பல்லின் நடுவிலிருந்து சற்று உள்முனைப் பக்கம் தள்ளி இருப்பது நல்லது, லோடு ஏறும்போது அது வெளிமுனைப் பக்கம் நகரும். பினியனைக் கிரவுனை நோக்கி நகர்த்தினால் தடம் பல்லின் அடிக்குப் போகும், விலக்கினால் நுனிக்கு ஏறும். கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்தினால் உள்முனைக்கும், விலக்கினால் வெளிமுனைக்கும் போகும். இதை ஷிம் எனும் மெல்லிய தகடுகள் வைத்தும், பக்க பேரிங்கின் நட்டைத் திருகியும் சரிசெய்வார்கள். பொறுமை கேட்கும் வேலை இது. அவசரப்படுத்தாதீர்கள். சாயத் தடத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிலின் தரமும் தடிமனும் கையேட்டில் உள்ளபடி, 80டபிள்யூ-90 தடிமன் என்றால் அதுவே. ஊற்றியபின் சிறிது தூரம் ஓட்டி, ஆயில் ஹப் வரை பரவிய பிறகு மறுபடி அளவு பார்க்க வேண்டும். பல புது வேலைகளில் குறைவாக இருப்பது இதனால்தான்.

வண்டி கைக்கு வந்ததும் பழைய பதிவில் உள்ள அதே சாலை, அதே வேகம், அதே லோடில் ஓட்டிப் புதுப் பதிவு எடுங்கள். கையேட்டில் சொன்ன தூரம் வரை முழு லோடும் நீண்ட ஏற்றமும் தவிர்த்து, நடுநடுவே ஆற விடுங்கள். முதல் ஆயில் மாற்றத்தைச் சீக்கிரமே செய்யச் சொல்லியிருந்தால் தவற விடாதீர்கள். அன்று பிளக் காந்தத்தையும் பாருங்கள். மாற்றிய பாகங்களின் பட்டியல், ஜோடி எண், மூன்று அளவுகள், புதுப் பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி என்பது எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். மறுபடி சத்தம் கேட்டால் புதுப் புகாராகப் பதிய விடாமல், பழைய ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு, அதே பழுது திரும்ப வந்தது என்று எழுதச் சொல்லுங்கள்.